மணப்பட்டாணியின் வரலாறு: பள்ளி ஆசிரியர் தோட்டத்திலிருந்து உயிரியல் பாடநூல் வரை



வரலாறு என்றாலே போர், ஒப்பந்தம், மன்னர் பெயர்ப் பட்டியல் என்றுதான் நம் மாணவர்களில் பலர் நினைக்கிறார்கள். வீட்டு வேலியில் ஏறும் ஒரு பூங்கொடிக்கும் வரலாறு உண்டு. அதிலும் ஆண்டுகள் உண்டு, ஆவணங்கள் உண்டு, தவறான சான்றும் உண்டு. ஆங்கிலேயர் 'ஸ்வீட் பீ' என்று அழைக்கும் பூவின் கதையை இந்தக் கட்டுரை சொல்கிறது. மணத்துக்காகவே வீட்டுத் தோட்டத்துக்குள் வந்த பூ இது. பிறகு மனிதர் கை பட்டு அழகு கூடியது, ஆனால் மணம் குறைந்தது. ஏன் அப்படி ஆனது என்பதுதான் நாம் பார்க்கப்போகும் கேள்வி.

எது இந்தப் பூ?

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. இந்தக் கட்டுரையில் 'மணப்பட்டாணி' என்று சொல்லிக்கொள்வோம். இதன் தாவரவியல் பெயர் லாத்திரஸ் ஒடோராட்டஸ். 'ஒடோராட்டஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே 'மணமுள்ளது' என்றுதான் பொருள்.

பூவின் வடிவம் தெரியவேண்டுமா? நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவைப் பாருங்கள். நாசி கெராபுவுக்கு நீல நிறம் கொடுக்கிறோமே, அதேதான். சங்குப்பூ, அகத்திப்பூ, மணப்பட்டாணி எல்லாமே அவரைக் குடும்பம். மணப்பட்டாணிப் பூவின் மேலே விரிந்து நிற்பது கொடியல்லி. இருபக்கமும் இருப்பவை சிறகல்லிகள். நடுவில் மூடிக்கொண்டு இருப்பவை படகல்லிகள். இந்தப் படகுக்குள் ஒளிந்திருக்கும் விஷயம் பின்னால் வரும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுவோம். பெயரில் 'பட்டாணி' இருப்பதால் இதைச் சமைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் விதை நச்சுத்தன்மை உள்ளது. கால்களை முடக்கும் நோயோடு தொடர்புடையது என்பதால் 1961இல் இந்திய அரசு விற்பனைக்குத் தடை விதித்த கேசரிப் பருப்பு இதே லாத்திரஸ் இனத்தைச் சேர்ந்தது.

மணப்பட்டாணியின் தாய்மண் சிசிலித் தீவும் தென் இத்தாலியும். அங்கே மழை இலையுதிர் காலத்தில் தொடங்கும். விதை அப்போது முளைக்கும், மிதமான குளிர்காலத்தில் வேர் ஆழமாக இறங்கும், வசந்தத்தில் கொடி பூக்கும். கோடை வெயில் ஏறியதும் காய் முற்றி வெடித்து, செடி காய்ந்துபோகும். அதாவது, குளிர்ச்சியில் வளர்ந்து வெயிலில் முடிந்துபோகும் ஓராண்டுச் செடி. ஆண்டு முழுதும் வெப்பம் குறையாத நம் சமவெளிக்கு அது ஒத்துவராததும், குளிர்ந்த இங்கிலாந்தில் மாதக்கணக்கில் பூத்ததும் இதனால்தான்.

துறவி அனுப்பிய விதை

சிசிலியில் பலெர்மோ நகருக்கு அருகே மிசில்மேரி என்னும் ஊர். அங்கே கத்தோலிக்கா இளவரசருக்கு ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. அதைக் கவனித்து வந்தவர் பிரான்சிஸ்கு கூப்பானி (1657–1710), ஒரு துறவி. தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிட்டு 1696இல் 'ஹோர்ட்டஸ் கத்தோலிக்கஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஊதா நிறமும் மிகுந்த மணமும் கொண்ட இந்தப் பட்டாணியைப் பற்றி அறிஞர் உலகத்துக்கு அறிவித்தவர் அவர்.

அந்தக் காலத்துத் தாவர அறிஞர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புதிய செடி கிடைத்தால் விதையை நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கூப்பானி 1699இல் இரண்டு பேருக்கு விதை அனுப்பினார் என்று வரலாறு சொல்கிறது. ஒருவர் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தின் காஸ்பர் கொமெலின். அவர் 1701இல் படத்தோடு இதை வெளியிட்டார். மற்றவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்!

என்ஃபீல்டு ஆசிரியர் யூவ்டேல்

இராபர்ட் யூவ்டேல் (1642–1722) லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு ஊரில் இலக்கணப் பள்ளித் தலைமையாசிரியர். கேம்பிரிட்ஜில் படித்தவர். அரச குடும்பத்துக்குரிய பழைய மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெளியூர் மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் நடத்தினார். பள்ளியைச் சுற்றி ஒரு தோட்டம் போட்டார். இங்கிலாந்தின் மிகப் பழைய கண்ணாடி வெப்பக்கூடங்களில் சில அவருடையவை. அவர் தோட்டத்துக் கேதுரு மரம் அந்நாட்டில் புகழ்பெற்றது. ஒரு மாணவரே லெபனான் மலையிலிருந்து அந்தக் கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

எல்லாரும் அவரைப் பாராட்டினார்களா என்றால், இல்லீங்க. ஊர்ப் பள்ளியைக் கவனிக்காமல் விடுதி மாணவர்களையே கவனிக்கிறார் என்று 1676இல் அவர்மீது புகார் எழுந்தது. பதவியிலிருந்து நீக்கவும் முயன்றார்கள். கூடுதல் வேலை செய்யும் ஆசிரியரைப் பார்த்து ஊர் கேள்வி கேட்பது புதிதல்ல போலும்.

விதை அவர் கையில் முளைத்ததற்குச் சான்று என்ன? 1700இல் லியோனார்ட் பிளக்கனெட் என்ற தாவரவியலாளர் மணப்பட்டாணியைப் பதிவு செய்தபோது, அது யூவ்டேல் தோட்டத்தில் கிடைத்தது என்று குறித்தார். யூவ்டேல் உலர்த்திச் சேர்த்த செடிகள் 14 தொகுதிகளாக லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்லோன் சேகரிப்பில் இன்றும் இருக்கின்றன.

இலக்கிய ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே என்ஃபீல்டில் வேறொரு பள்ளியில் படித்த மாணவர்தான் கவிஞர் ஜான் கீட்ஸ். 1817இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பிலேயே இந்தப் பூ வருகிறது.

இலங்கைப் பூவா? ஒரு தவறான சான்று

இந்தக் கதையில் நம் பக்கத்து நாடு ஒன்றும் நுழைகிறது. 1737இல் ஆம்ஸ்டர்டாம் அறிஞர் யோகன்னஸ் பர்மன் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அப்போது இலங்கையின் கரையோரம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. வெள்ளையும் சிவப்பும் கலந்த மணமுள்ள லாத்திரஸ் ஒன்றை அந்த நூல் 'இலங்கைச் செடி' என்று சொன்னது. 1753இல் உலகப் புகழ்பெற்ற லின்னேயஸ் மணப்பட்டாணிக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு வகை சிசிலியில் வளர்வது, இன்னொரு வகை இலங்கையில் வளர்வது என்று எழுதிவிட்டார்.

அவ்வளவுதான். பெரியவர் எழுதிவிட்டார் என்று பின்வந்தவர்களும் திருப்பி எழுதினார்கள். மணப்பட்டாணிக்கு இலங்கையும் தாயகமா என்ற விவாதம் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இதை எப்படிச் சோதிப்பது? முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். குளிர்மழையில் முளைத்து வறண்ட கோடையில் காயும் செடியின் வாழ்க்கைமுறை மத்தியதரைக் கடல் பகுதிக்கு உரியது. அடுத்து, வேறு சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். இலங்கைக் காடுகளில் தானாக வளரும் செடியாக இது கிடைக்கவில்லை. மூன்றாவது, வேறு விளக்கம் இருக்கிறதா? இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கலந்த அந்த வகை, ஊதாச் செடியிலிருந்து தோன்றக்கூடிய ஒரு நிறமாற்றம்தான். அதற்குத் தனி நாடு தேவையில்லை.

மாணவர்களே, வரலாற்றுத் தேர்வில் 'சான்றின் நம்பகத்தன்மை' பற்றிக் கேட்டால் இந்த எடுத்துக்காட்டை நினைவில் வையுங்கள். பத்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், பத்தும் ஒரே நூலைப் பார்த்து எழுதியவை என்றால் அது ஒரே சான்றுதான்.

நூற்று எழுபது ஆண்டுகள் ஏன் மாறவில்லை?

1793இல் லண்டன் ஃபிளீட் தெருவில் ஒரு விதைக்கடையின் பட்டியலில் மணப்பட்டாணி வகைகள் ஐந்துதான்: கருநிறம், ஊதா, செஞ்சிவப்பு, வெள்ளை, அப்புறம் 'பெயின்டட் லேடி' எனும் இளஞ்சிவப்பு–வெள்ளை. விதை வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியும் ஐந்தே வகை! 1870 வாக்கிலும் பெரிய மாற்றம் இல்லை.

காரணம் படகல்லிக்குள் இருக்கிறது. மொட்டு விரியும் முன்பே, மூடிய படகுக்குள் பத்து மகரந்தப்பைகளும் வெடித்து, அதே பூவின் சூல்முடியில் மகரந்தம் விழுந்துவிடும். வண்டு வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கும். இதைத் தன்மகரந்தச் சேர்க்கை என்கிறோம். அதனால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. புது நிறம் வேண்டுமென்றால் மனிதர்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எக்ஃபர்டின் பொறுமை

அப்படிக் கை வைத்தவர் ஹென்றி எக்ஃபர்ட் (1823–1905). ஸ்காட்லாந்துக்காரர். வாழ்நாளில் பெரும்பகுதி பிறர் தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். ஏறக்குறைய ஐம்பது வயதுக்கு மேல்தான் மணப்பட்டாணியில் இறங்கினார். இன்னும் விரியாத மொட்டை மெல்லத் திறந்து, பத்து மகரந்தப்பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வேறொரு வகையின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். காய் முற்றும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு விதைத்துப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். நிறம் நிலைத்து நிற்க மேலும் சில ஆண்டுகள் ஆகும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை சரிப்படாது.

1882இல் அவருடைய 'பிரான்ஸ் பிரின்ஸ்' வகைக்கு அரச தோட்டக்கலைக் கழகத்தின் முதல்தரச் சான்றிதழ் கிடைத்தது. 1888இல் ஷ்ரோப்ஷையர் மாவட்டத்தின் சிறு நகரமான வெம்முக்குக் குடிபெயர்ந்து சொந்தத் தொழில் தொடங்கினார். அவருடைய பூக்கள் பழையவற்றைவிடப் பெரியவை, பல நிறத்தவை. அவற்றைக் 'கிராண்டிஃபுளோரா' வகை என்றார்கள். முக்கியமான செய்தி என்னவென்றால், அவற்றில் மணம் குறையவில்லை.

இவை பணக்காரர் மாளிகைக்கு மட்டும் போன பூக்கள் அல்ல. மணப்பட்டாணிக்கு வெப்பக்கூடம் வேண்டாம், பெரிய நிலம் வேண்டாம். கொடி மேல்நோக்கி ஏறுவதால் ஓர் அடி அகல மண் போதும். வீட்டுத் தோட்டக்காரர்கள் குழி வெட்டி எருவிட்டு, கடினமான விதைத்தோலைக் கத்தியால் லேசாகக் கீறி ஊன்றினார்கள். கிளைக்குச்சிகளை நட்டுக் கொடியை ஏற்றினார்கள். பூவைத் தினமும் பறித்தார்கள். பறிக்காமல் விட்டால் காய் பிடித்துவிடும், காய் பிடித்தால் செடி 'என் வேலை முடிந்தது' என்று பூப்பதை நிறுத்திவிடும். பறிக்கப் பறிக்கப் பூக்கும் செடி ஏழை வீட்டு மேசைக்கும் மணம் கொடுத்தது.

1900இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் மணப்பட்டாணியின் இருநூற்றாண்டு விழா நடந்தது. அப்போது இருந்த 264 வகைகளில் 115 எக்ஃபர்ட் உருவாக்கியவை. அதே ஆண்டில் தேசிய மணப்பட்டாணிச் சங்கமும் தொடங்கியது.

அலையிதழ் வந்தது

1901இல் ஒரு கண்காட்சியில் பார்வையாளர் கூட்டம் ஒரு மேசையைச் சுற்றியே நின்றது. ஸ்பென்சர் பிரபுவின் ஆல்தார்ப் மாளிகைத் தோட்டக்காரர் சைலஸ் கோல் கொண்டுவந்த 'கவுன்டஸ் ஸ்பென்சர்' என்ற இளஞ்சிவப்புப் பூ அது. இதழ் பெரியது, ஓரம் அலை அலையாக மடிந்தது. இதுவரை யாரும் பார்க்காத அழகு.

ஒரு சிக்கல். விதையைப் பெருக்கக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். கோடையில் மழை பெய்யாததால் அங்கே காய் நன்றாக உலரும். ஆனால் திரும்பி வந்த விதையிலிருந்து பல நிறப் பூக்கள் கலந்து வந்தன. அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஹிஸ்டன் ஊரில் டபிள்யூ. ஜே. அன்வின் தம் பாத்தியில் இன்னோர் அலையிதழ்ப் பூவைக் கண்டார். 'கிளாடிஸ் அன்வின்' என்ற அந்த வகை சற்றுச் சிறியது, ஆனால் விதைத்தால் அப்படியே வந்தது. ஒன்று ஏன் மாறுகிறது, இன்னொன்று ஏன் மாறவில்லை? இதே மாதிரிக் கேள்வியை அதே கேம்பிரிட்ஜில் வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாத்தியே ஆய்வுக்கூடம்

எஸ்.டி.பி.எம். உயிரியல் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். மெண்டல் ஆராய்ந்தது நாம் சாப்பிடும் பட்டாணியை. மணப்பட்டாணியை ஆராய்ந்தவர்கள் வில்லியம் பேட்சன், எடித் சாண்டர்ஸ், ரெஜினால்டு புன்னெட் மூவரும். 'ஜெனெட்டிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர் இந்த பேட்சன்தான்.

அவர்கள் இரண்டு வெள்ளைப் பூ வகைகளைக் கலந்தார்கள். பிறந்த செடிகள் எல்லாம் ஊதாவாகப் பூத்தன! பாட்டி முகம் பேத்திக்கு வரும் என்று நம் வீட்டில் சொல்வோமே, அதுபோலக் கூப்பானி அனுப்பிய சிசிலிப் பூவின் நிறம் இருநூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. அடுத்த தலைமுறையில் ஊதாவும் வெள்ளையும் 9:7 என்ற விகிதத்தில் வந்தன. விளக்கம் எளிது. நிறப்பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒரு வெள்ளை வகையிடம் முதல் சாவி இல்லை, மற்றதிடம் இரண்டாவது இல்லை. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும்.

அடுத்த சோதனையில் பூவின் நிறத்தையும் மகரந்தத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டாம் தலைமுறையில் 381 செடிகள். மெண்டலின் 9:3:3:1 விகிதப்படி ஊதா–நீளம் ஏறத்தாழ 214, ஊதா–உருண்டை 71, சிவப்பு–நீளம் 71, சிவப்பு–உருண்டை 24 வரவேண்டும். வந்ததோ 284, 21, 21, 55. பெற்றோரிடம் சேர்ந்திருந்த பண்புகள் பிள்ளைகளிடமும் சேர்ந்தே வரப் பார்க்கின்றன. இதற்குச் சரியான விளக்கம் சில ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. ஒரே குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகப் பயணம் செய்கின்றன என்று பழ ஈக்களைக் கொண்டு தாமஸ் மார்கன் காட்டினார். பாடநூலில் 'பிணைப்பு' என்று நீங்கள் படிக்கும் பாடம் பிறந்த இடம் ஒரு பூப்பாத்தி.

ஆயிரம் பவுண்டு பூங்கொத்து

1911இல் லண்டனின் 'டெய்லி மெயில்' நாளிதழ் சிறந்த மணப்பட்டாணிக் கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தது. தொழில்முறைத் தோட்டக்காரர்களுக்கு இல்லை, வீட்டில் வளர்ப்பவர்களுக்கு. நாடெங்கிலுமிருந்து 30,000க்கும் மேற்பட்ட கொத்துகள் கிறிஸ்டல் பேலஸில் குவிந்தன. முதல் பரிசு ஸ்காட்லாந்தில் கெல்சோவுக்கு அருகே ஸ்பிரவுஸ்டன் என்ற சிற்றூர்ப் பாதிரியாரின் மனைவிக்கு. மூன்றாம் பரிசு 50 பவுண்டு யாருக்கு? அந்தப் பாதிரியாருக்கே! அந்தப் பணத்தில் ஊர்த் தேவாலயத்துக்குப் புதிய பலிபீடப் பகுதி கட்டினார்கள்.

பரிசு ஆசை வளர்ப்புமுறையை மாற்றியது. ஒரு செடிக்கு ஒரே தண்டு, பக்கக் கிளையைக் கிள்ளு, பற்றுக்கம்பியைக் கிள்ளு, மூங்கில் குச்சியில் நேராகக் கட்டு என்ற முறை போட்டியாளர்களிடம் வேரூன்றியது. செடியின் சக்தி எல்லாம் சில பூக்களுக்கே போகும். பூ பெரிதாகும், காம்பு நீளும்.

மணம் எங்கே போனது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். காட்சி மேசைக்கு முன்னால் நிற்கும் நடுவர் எதைப் பார்ப்பார்? பூவின் அளவு, இதழின் அலை, நிறத்தின் தெளிவு, காம்பின் நீளம், ஒரு காம்பில் எத்தனை பூ. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அறை முழுக்கப் பல நூறு கொத்துகள் இருக்கும்போது ஒரு கொத்தின் மணத்தைத் தனியாக அளப்பது எப்படி?

அடுத்த ஆண்டுக்கு எந்த விதையை எடுப்பது என்பதைப் பரிசு தீர்மானித்தது. மணமுள்ள செடி சிறியதாக இருந்தால் அதன் விதையை எடுக்க ஆளில்லை. மணமே இல்லாத செடி பெரிதாகப் பூத்தால் அதன் விதை நாடெங்கும் போனது. மணத்தை அழிக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. தேர்வு செய்யாத குணம் தலைமுறைக்குத் தலைமுறை நழுவியது, அவ்வளவே. எல்லா அலையிதழ் வகையும் மணமிழந்தவை அல்ல. ஆனால் மணத்தை நம்பி வாங்கியவர் பலமுறை ஏமாந்தார்.

பழைய வகைகள் முழுவதும் அழியாததற்கும் அதே படகல்லிதான் காரணம். தன்மகரந்தச் சேர்க்கையால் பழைய விதை கலப்படமாகாது. நாலு காயை முற்றவிட்டு எடுத்து வைத்தால் போதும், அடுத்த ஆண்டும் அதே பூ, அதே மணம். 'பெயின்டட் லேடி', எக்ஃபர்டின் 'டாரத்தி எக்ஃபர்ட்', 'பிளாக் நைட்' போன்றவற்றை விதைக் கடைகளில் இன்றும் வாங்கலாம். கூப்பானியின் பெயரிலேயே ஊதா வகை ஒன்று விற்கிறது. மணத்தை மீட்க விரும்பிய வளர்ப்பாளர்கள் இப்படி மிஞ்சிய பழைய வகைகளிடம்தான் திரும்பி வந்தார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் இதில் யோசிக்க வேண்டியது இருக்கிறது. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அது வளரும். எதற்குக் கொடுக்கவில்லையோ அது சத்தமில்லாமல் குறையும். கட்டுரையின் நீளத்துக்கும் மனப்பாடத் தொடர்களுக்கும் மட்டும் மதிப்பெண் போட்டால், பெரிய பூ கிடைக்கும். மணம் வேண்டுமென்றால், மாணவன் சொந்தமாக எழுதிய ஒரு வரியைக் கண்டுபிடித்துப் பாராட்டவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

நினைவில் கொள்ள: காலவரிசை

1696 – கூப்பானியின் நூல் வெளியீடு
1699 – யூவ்டேலுக்கும் கொமெலினுக்கும் விதை
1737, 1753 – பர்மன், லின்னேயஸ் நூல்களில் இலங்கைக் குறிப்பு
1793 – விதைப் பட்டியலில் ஐந்து வகைகள்
1888 – எக்ஃபர்ட் வெம் நகரில்
1900 – இருநூற்றாண்டு விழா, தேசியச் சங்கம்
1901 – 'கவுன்டஸ் ஸ்பென்சர்'
1911 – ஆயிரம் பவுண்டு போட்டி

வகுப்பறைக் கேள்விகள்

1. மணப்பட்டாணி இலங்கையிலும் இயற்கையாக வளர்ந்தது என்ற கூற்றை மறுக்க எந்த மூன்று காரணங்கள் தரப்பட்டுள்ளன? அவற்றில் வலுவானது எது? ஏன்?
2. தன்மகரந்தச் சேர்க்கை இந்தப் பூவின் வரலாற்றில் தடையாகவும் காப்பாகவும் இருந்தது. விளக்குக.
3. இரண்டு வெள்ளைப் பூச்செடிகளுக்கு ஊதாப் பூச்செடி பிறந்தது எப்படி? 9:7 விகிதத்தை வரைபடத்தோடு காட்டுக.
4. 'பரிசு வளர்த்தது பூவை, மறந்தது மணத்தை.' இக்கூற்றையொட்டி, உங்கள் ஊரில் ஒரு பயிரையோ கலையையோ எடுத்துக்காட்டாகக் கொண்டு 200 சொற்களில் எழுதுக.